அப்பா பார்த்த கோடு போட்ட சட்டை

நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு சட்டையின் நிறம் பற்றிய கேள்வி. உங்கள் அப்பாவுக்கு அப்போது 14 வயது. 1986 கால்பந்து உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிராக அர்ஜென்டினாவின் மரடோனா பாதி மைதானத்துக்கு மேல் ஓடி அடித்த அந்த இரண்டாவது கோலை, பக்கத்து வீட்டு டிவியில் நேரலையாகப் பார்த்தேன் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லி வருகிறார். வெளிர்நீலமும் வெள்ளையுமாகக் கோடு போட்ட சட்டை, பத்தாம் நம்பர், இன்னும் கண்ணிலேயே நிற்கிறது என்கிறார். நீங்கள் வீடியோவைத் தேடிப் போட்டுப் பார்த்தால் அர்ஜென்டினா அன்று முழுக் கருநீலத்தில் ஆடியிருக்கிறது. "அப்படியானால் அவர் பார்க்கவே இல்லையா? ஊரெல்லாம் பேசிய கதையைத் தன் கதையாக்கிக்கொண்டாரா? இந்த மாதிரி நினைவுகளை எழுதிவைத்தால் அதற்கு ஏதாவது மதிப்பு இருக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையில் நீங்கள் கேட்பது, அப்பாவை நம்பலாமா என்பதுதான். அதற்குப் பின்னால் இன்னொரு கேள்வியும் நிற்கிறது: ஒரு பந்தாட்டத்தைப் பற்றி ஒரு சாதாரண மனிதர் நினைவில் வைத்திருப்பதெல்லாம் வரலாற்றில் சேருமா? இரண்டுக்கும் என்னால் முடிந்த அளவு சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் நான் எந்த இடத்திலிருந்து பேசுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் வரலாறு படித்தவன். 20 ஆண்டுகளாக வாய்மொழி வரலாறு சேகரிப்பதுதான் என் வேலை, அதில் பெரும்பகுதி பழைய கால்பந்து ஆட்டக்காரர்கள், ரெஃப்ரிகள், ரசிகர்கள் முன்னால் ரெக்கார்டரை வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. உளவியல் என் துறை இல்லை. நினைவைப் பற்றிய ஆய்வுகளை வேலைக்குத் தேவைப்பட்டதால் படித்திருக்கிறேன், அவ்வளவுதான். அதனால் அந்தப் பக்கம் நான் சொல்வதை ஒரு வாசகன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டி எடுப்பது பற்றி நான் சொல்வதை மட்டும் அனுபவசாலி சொல்வதாக எடுத்துக்கொள்ளலாம்.

சந்தேகமே இல்லாத விஷயங்களிலிருந்து ஆரம்பிப்போம். அந்தக் காலிறுதி 1986 ஜூன் 22, ஞாயிற்றுக்கிழமை, மெக்சிகோ சிட்டியின் அஸ்டெகா மைதானத்தில், உள்ளூர் நேரப்படி நண்பகல் 12 மணிக்குத் தொடங்கியது. அரங்கில் 1,14,580 பேர் இருந்ததாகக் கணக்கு. 51-ஆம் நிமிடம் மரடோனா கையால் தட்டிய கோல், நாலு நிமிடம் கழித்து 55-ஆம் நிமிடம் அந்த ஓட்டம். தன் பாதி மைதானத்துக்குள் பந்தை வாங்கி, ஏறத்தாழ 60 மீட்டர், பத்து விநாடி சொச்சம், கடைசியில் கோல்கீப்பர் ஷில்டனையும் சுற்றிக்கொண்டு உள்ளே தள்ளினார். பிறகு இங்கிலாந்தின் லினேக்கர் ஒன்று திருப்பிக் கொடுத்தார், 2-1. சட்டை கருநீலம், அதிலும் மாற்றமில்லை. அந்தச் சட்டைக்கே ஒரு கதை உண்டு. அதற்கு முந்தைய சுற்றில் உருகுவேக்கு எதிராகவும் அர்ஜென்டினா கருநீலத்தில்தான் ஆடியது. அது கனமான துணி, நனைந்தால் உடம்போடு இழுத்தது. மெக்சிகோ வெயிலில் மறுபடி அதைப் போட்டு ஆட முடியாது என்று பயிற்சியாளர் பிலார்டோ ஆள் அனுப்பி நகரத்துக் கடைகளில் தேடச் சொன்னார். கடையிலிருந்து வாங்கி வந்த லேசான சட்டைகளில் அவசர அவசரமாகச் சங்கத்தின் சின்னத்தையும் வெள்ளி நிற எண்களையும் பொருத்திக் களத்தில் இறங்கினார்கள். அந்த எண்களைக் கவனித்துப் பாருங்கள், அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரர்களின் முதுகில் இருக்கும் மாதிரி இருக்கும். ஆட்டம் முடிந்ததும் இங்கிலாந்தின் ஸ்டீவ் ஹாட்ஜ் அந்தப் பத்தாம் நம்பர் சட்டையை மாற்றி வாங்கிக்கொண்டார். 2022-ல் அது 71 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது.

ஆக, நிறத்தில் அப்பா தவறுகிறார். ஆனால் இதிலிருந்து "அவர் பார்க்கவில்லை" என்ற முடிவுக்குத் தாவ முடியாது. என் அனுபவத்தில் இப்படி ஒரு தவறு வந்தால் நான் முதலில் தேடுவது, அந்தத் தவறான தகவல் வேறு எங்கே சரியாக இருக்கும் என்பதை. இங்கே அதற்கு ஒரு நல்ல இடம் இருக்கிறது. மூன்று நாள் கழித்து, ஜூன் 25 புதன்கிழமை, அதே மைதானத்தில் அரையிறுதி. எதிரணி பெல்ஜியம். அதில் மரடோனா இரண்டு கோல் அடித்தார். இரண்டாவது, 63-ஆம் நிமிடம், தடுப்பாட்டக்காரர்கள் நாலு பேருக்கு நடுவே புகுந்து வெட்டி வெளியே வந்து இடது காலால் அடித்தது. அது மட்டும் இங்கிலாந்து ஆட்டத்துக்கு முன்னால் நடந்திருந்தால் இன்று உலகமே அதைத்தான் பேசிக்கொண்டிருக்கும். அந்த ஆட்டத்தில் அர்ஜென்டினா போட்டிருந்தது கோடு போட்ட சட்டை. ஜூன் 29-ல் மேற்கு ஜெர்மனியை 3-2 என்று வென்ற ஃபைனலிலும் கோடு போட்ட சட்டைதான். உங்கள் அப்பா இங்கிலாந்து ஆட்டத்தைப் பார்த்து, பிறகு அதற்கு மற்ற ஆட்டங்களின் சட்டையை மாட்டியிருக்கலாம். அல்லது பெல்ஜியம் ஆட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு, பிற்பாடு எல்லாரும் "இங்கிலாந்துக்கு எதிரான அந்தக் கோல்" என்று பேசுவதைக் கேட்டு, தான் பார்த்ததும் அதுதான் என்று இருந்திருக்கலாம். மூன்றாவதாக, நேரலையில் எதையும் பார்க்காமல் பிறகு ஹைலைட்ஸில் பார்த்திருக்கலாம். மூன்றில் எது என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. அவரிடம் கேட்டால் ஓரளவு பிரித்தெடுக்கலாம், எப்படி என்று கடைசியில் சொல்கிறேன்.

அந்த டிவி கறுப்பு வெள்ளையா கலரா என்று நீங்கள் எழுதவில்லை. அது முக்கியம். கறுப்பு வெள்ளை டிவியில் பார்த்தவர்களிடம் நான் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன், கிட்டத்தட்ட எல்லாருமே நிறத்தோடுதான் சொல்வார்கள். 1966 ஃபைனலில் இங்கிலாந்து சிவப்புச் சட்டை போட்டிருந்தது. பிபிசி கலரில் ஒளிபரப்பத் தொடங்கியதே அடுத்த ஆண்டுதான், ஆகவே வீட்டில் உட்கார்ந்து நேரலை பார்த்த யாருமே சிவப்பைப் பார்த்திருக்க முடியாது. இருந்தாலும் அந்தத் தலைமுறையின் மனதில் அந்த ஆட்டம் சிவப்பாகத்தான் இருக்கிறது. பத்திரிகைப் படம், பிறகு வந்த வண்ணப் படச்சுருள், சுவரில் ஒட்டிய போஸ்டர் எல்லாம் சேர்ந்து பழைய காட்சிக்குள் போய் உட்கார்ந்துகொள்கின்றன. பார்த்தவருக்கு எது எப்போது உள்ளே வந்தது என்று தெரியாது.

நினைவு ஒரு பெட்டிக்குள் வைத்த போட்டோ இல்லை, ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் கையில் இருப்பதை வைத்து மறுபடி கட்டிக்கொள்கிறோம் என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. உல்ரிக் நைசர் என்ற உளவியலாளரின் கதையை நான் அடிக்கடி சொல்வேன். 1941 டிசம்பர் 7, பெர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட செய்தி வந்தபோது தான் ரேடியோவில் பேஸ்பால் ஆட்டம் கேட்டுக்கொண்டிருந்ததாக அவருக்குத் தெளிவான நினைவு. பல ஆண்டுகள் கழித்துத்தான் அவருக்கு உறைத்தது, டிசம்பரில் பேஸ்பால் கிடையாதே என்று. தன் நினைவே பொய் என்பதற்கு உதாரணமாக அதை எழுதினார். பிறகு வேறு இரண்டு ஆய்வாளர்கள் தோண்டிப் பார்த்தார்கள். அன்று ரேடியோவில் நியூயார்க்கில் நடந்த ஒரு அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தின் வர்ணனை ஓடியிருக்கிறது. ஆடிய இரண்டு அணிகளின் பெயர்களும் ஜயண்ட்ஸ், டாட்ஜர்ஸ். அந்தப் பெயர்களில் அப்போது நியூயார்க்கில் பேஸ்பால் அணிகளும் இருந்தன. அவர் ஆட்டம் கேட்டது உண்மை, செய்தி இடையில் வந்ததும் உண்மை, எந்த ஆட்டம் என்ற ஒரு விவரம் மட்டும் மாறிப்போயிருந்தது. உங்கள் அப்பாவின் கோடு போட்ட சட்டையைப் படித்ததும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

அவர் வயதும் ஒரு காரணம். 2012-ல் வந்த ஒரு ஆய்வில், எல்லாக் காலத்திலும் சிறந்த கால்பந்து ஆட்டக்காரர்கள் யார் என்று பல வயதுக்காரர்களிடம் கேட்டார்கள். ஆளாளுக்கு வேறு பெயர்கள், ஆனால் சொன்னவரின் வயதோடு ஒப்பிட்டால், பெரும்பாலும் தனக்கு 17 வயது இருந்தபோது உச்சத்தில் இருந்தவர்களைத்தான் சொல்லியிருக்கிறார்கள். பதின்வயதிலிருந்து இருபதுகள் வரை நடப்பது மற்ற காலத்தைவிட ஆழமாகப் பதிகிறது என்பது பொதுவாகவே ஏற்றுக்கொள்ளப்பட்ட விஷயம். ஆழமாகப் பதிவது ஒன்று, பிசகாமல் பதிவது வேறு. 14 வயதில் பார்த்தது வாழ்நாள் முழுக்கப் போகாது, ஆனால் அதையேதான் அதிக முறை திரும்பச் சொல்லியும் இருப்போம், ஒவ்வொரு முறை சொல்லும்போதும் கொஞ்சம் தேய்ந்து, கொஞ்சம் பூசி.

என்னுடையதையும் சொல்கிறேன். 1994 உலகக் கோப்பை ஃபைனலில், பிரேசிலுக்கு எதிரான பெனால்டி ஷூட்அவுட்டில், இத்தாலியின் பாஜ்ஜோ பெனால்டியை வானத்தில் அடித்ததைப் பார்த்தவன் நான். அவர் மட்டும் உள்ளே அடித்திருந்தால் இத்தாலி ஜெயித்திருக்கும் என்று வருடக்கணக்கில் சொல்லிவந்தேன். வேலைக்காக ஒரு முறை வரிசையாக எழுதிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அவருக்கு முன்பே பரேசியும் மஸ்ஸாரோவும் தவறவிட்டிருந்தார்கள். பாஜ்ஜோ அடித்திருந்தாலும் 3-3 ஆகியிருக்கும், பிரேசிலுக்கு இன்னும் ஒரு உதை பாக்கி இருந்தது. அவர் தலை குனிந்து இடுப்பில் கை வைத்து நின்ற அந்தக் காட்சி அவ்வளவு பலமானது, மற்ற இருவரையும் என் தலையிலிருந்து துடைத்தே எடுத்துவிட்டது. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான பேருக்கு இதேதான் நடந்திருக்கிறது. பரேசி அவ்வளவு பெரிய ஆட்டக்காரர், அப்படியிருந்தும் அவர் தவறவிட்ட பெனால்டி இன்று பலருக்கு ஞாபகத்திலேயே இல்லை.

ஒரு பழைய விங்கரை, அதாவது மைதானத்தின் ஓரத்தில் ஓடி ஆடுபவரை, பேட்டி எடுத்தது இங்கே பொருத்தம். எண்பதைத் தாண்டியவர். முழங்காலுக்குக் கீழே இருந்த தழும்பைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே, மழையில் நடந்த ஒரு ஃபைனலில் கடைசி நிமிடம் அடித்த கோலை விவரித்தார். பந்து சேற்றில் நின்றுவிட்டதையும், கோல்கீப்பர் வழுக்கியதையும், வலையில் இருந்த ஓட்டையையும் சொன்னார். வீட்டுக்கு வந்து அந்த நாளின் செய்தித்தாளைத் தேடினேன். மழை உண்மை, கடைசி நிமிடம் உண்மை, வலை பற்றிக்கூட ஒரு வரி இருந்தது. கோல் அடித்தவர் பெயர் மட்டும் வேறு. இவர் பந்தைக் கொடுத்தவர். எனக்கு அன்று ஏமாற்றமாக இருந்தது. பிறகு பதிவை மறுபடி போட்டுக் கேட்டேன். பேட்டியின் முதல் பாதி முழுக்க அவர் "அடிச்சோம், அடிச்சோம்" என்றுதான் சொல்கிறார். "நீங்கதான் அடிச்சீங்களா ஐயா?" என்று நடுவில் குறுக்கே கேட்டது நான். அதற்குப் பிறகுதான் "அடிச்சேன்" வருகிறது. ஒரு விகுதி மாறியதில் என் பங்கும் இருந்தது. அன்றிலிருந்து அப்படிக் கேட்பதை விட்டுவிட்டேன்.

அந்த "ஓம்" விகுதியில்தான் கால்பந்தும் சமூகமும் சேரும் இடமே இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆடாதவனும் "நாம ஜெயிச்சோம்" என்கிறான். கவனித்தால், "நாங்க" என்றுகூடச் சொல்வதில்லை, கேட்கிறவனையும் சேர்த்துக்கொண்டு "நாம". இந்த உரிமை சும்மா வந்ததில்லை. கிளப்புகளில் பல உருவானதே அப்படி. 1850-ல் பிரிட்டனில் வந்த தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைகளில் சனிக்கிழமை பிற்பகல் வேலையை நிறுத்தியது, அது மெல்ல மற்றத் தொழில்களுக்கும் பரவியது. அந்த அரை நாளைத்தான் கால்பந்து நிரப்பியது. இன்றைய மான்செஸ்டர் யுனைடெட் 1878-ல் நியூட்டன் ஹீத் ரயில்வே பணிமனைத் தொழிலாளர்கள் ஆரம்பித்தது. ஆர்சனல் 1886-ல் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆரம்பித்தது. எவர்ட்டனும் ஆஸ்டன் வில்லாவும் தேவாலயங்களை ஒட்டி வந்தவை. செல்டிக், கிளாஸ்கோவின் ஏழை ஐரிஷ் குடும்பங்களின் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டுக்கு வழி பண்ணுவதற்காக ஒரு துறவி தொடங்கியது. வேலையும் வழிபாடும் தெருவும் ஒன்றாக இருந்த இடத்திலிருந்து வந்ததால்தான் அந்த அணி "நாம" ஆனது. இன்று மான்செஸ்டர் யுனைடெட்டின் ரசிகர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், அந்த ரயில்வே பணிமனையைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை, ஆனாலும் அந்தச் சொல் அப்படியே இருக்கிறது.

இந்த "நாம" எப்போதும் நல்லதே செய்யும் என்று சொல்லமாட்டேன். 1950 ஜூலை 16, ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா மைதானம். எல்லாரும் அதை உலகக் கோப்பை ஃபைனல் என்கிறோம், கணக்குப்படி அந்த ஆண்டு ஃபைனலே கிடையாது. நாலு அணிகள் தங்களுக்குள் ஆடிய கடைசிச் சுற்றின் கடைசி ஆட்டம் அது, பிரேசிலுக்கு டிரா போதும். முதல் கோலும் பிரேசிலுடையதுதான். உருகுவே 2-1 என்று ஜெயித்தது, 79-ஆம் நிமிடம் கிஜியா கோல்கீப்பருக்கும் பக்கத்துக் கம்பத்துக்கும் இடையே அடித்த பந்தில். அந்தத் தோல்வியை ஒரு தேசம் முழுதாகச் சுமக்க முடியாமல் ஒரு ஆள் மேல் இறக்கிவைத்தது. கோல்கீப்பர் பார்போசா 2000-ல் சாகும்வரை அந்த ஒரு பந்துக்காகவே அறியப்பட்டார், அவர் அந்தக் காலத்தின் மிகச் சிறந்த கோல்கீப்பர்களில் ஒருவர் என்பது மறந்தேபோனது. அவரோடு சேர்த்துக் குற்றம் சாட்டப்பட்ட பிகோதேயும் ஜுவேனாலும் அவரைப்போலவே கறுப்பர்கள் என்பதைப் பிரேசில் வரலாற்றாசிரியர்கள் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். அந்த நாள் அணிந்த வெள்ளைச் சட்டையைக்கூடப் பிரேசில் கைவிட்டது. 1953-ல் ஒரு செய்தித்தாள் நடத்திய போட்டியில் வென்ற வடிவம்தான் இப்போதைய மஞ்சள் சட்டை. அந்தக் கம்பங்களைப் பார்போசா பிற்காலத்தில் வீட்டுக்குக் கொண்டுபோய் எரித்தார் என்று ஒரு கதை உண்டு. நான் அதைச் சொல்லப்பட்ட கதையாக மட்டுமே வைத்திருக்கிறேன், நடந்ததாக எழுதமாட்டேன்.

இதே கண்டிப்பு பெரிய கதைகளுக்கும் வேண்டும். 1914 கிறிஸ்துமஸ் அன்று முதல் உலகப் போரின் போர்முனையில் இரு தரப்பு வீரர்களும் கால்பந்து ஆடினார்கள் என்பது உலகம் விரும்பும் கதை. பதுங்கு குழிகளிலிருந்து வெளியே வந்து கைகுலுக்கியது, இறந்தவர்களைச் சேர்ந்து புதைத்தது எல்லாம் உறுதி. சில இடங்களில் பந்து உதைத்ததற்கும் அந்தக் காலத்துக் கடிதங்களும், செமிஷ் என்ற ஜெர்மன் அதிகாரியின் நாட்குறிப்பும் சாட்சி. ஆனால் அணி பிரித்து, கோல் எண்ணி ஆடிய ஒரு பெரிய ஆட்டம் என்று இப்போது படங்களில் காட்டுவதற்கு ஆதாரம் மெலிது. அப்புறம் 1969-ல் ஹோண்டுராஸ், எல் சால்வடோர் இடையே நடந்த நூறு மணி நேரப் போரைக் "கால்பந்துப் போர்" என்கிறார்கள். தகுதிச்சுற்று ஆட்டங்களில் கலவரம் நடந்தது உண்மை. ஆனால் எல் சால்வடோரிலிருந்து வந்து ஹோண்டுராஸ் நிலத்தில் பாடுபட்டுக்கொண்டிருந்த லட்சக்கணக்கான விவசாயிகளை வெளியேற்றத் தொடங்கியதுதான் அடியில் இருந்த நெருப்பு. கால்பந்து போரை உண்டாக்கியது, நிறுத்தியது என்று யாராவது ஒரே வரியில் சொன்னால் கொஞ்சம் நிதானியுங்கள்.

இவ்வளவு நேரம் நினைவு எப்படித் தவறும் என்று பேசிவிட்டேன். இப்போது மறுபக்கம், எனக்கு மனதுக்கு நெருக்கமான பக்கம். ஏடுகளும் தவறும். சில நேரம் வேண்டுமென்றே. 1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூலுக்கும் நாட்டிங்காம் ஃபாரஸ்டுக்கும் எஃப்ஏ கோப்பை அரையிறுதி. கூட்டம் நெருக்கி, கம்பிவேலியில் நசுங்கி, பின்னாட்களில் இறந்தவர்களையும் சேர்த்து 97 பேர் செத்தார்கள். வெளி வாசலைத் திறக்க உத்தரவிட்டது காவல்துறை. ஆனால் குடித்துவிட்டு வந்த ரசிகர்கள் முட்டித் தள்ளியதுதான் காரணம் என்று காவல்துறை சொன்னது, ஒரு நாளிதழ் அதை முதல் பக்கத்தில் போட்டது. உயிர் தப்பியவர்கள் "அப்படி நடக்கவில்லை, நாங்கள் அங்கே இருந்தோம்" என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2012-ல் சுதந்திரக் குழு ஆவணங்களைத் திறந்து பார்த்தபோது, 164 காவலர் வாக்குமூலங்கள் திருத்தப்பட்டிருந்ததும், அவற்றில் 116-ல் காவல்துறைக்குப் பாதகமான வரிகள் எடுக்கப்பட்டிருந்ததும் தெரிந்தது. 2016-ல் நடுவர் குழு அதைச் சட்டவிரோதக் கொலை என்றது, ரசிகர்கள் மேல் தவறில்லை என்றது. 27 ஆண்டுகள். அவ்வளவு காலமும் உண்மை இருந்த இடம் அந்த மனிதர்களின் ஞாபகம். அவர்களில் யாராவது அன்றைய சட்டையின் நிறத்தையோ மணியையோ மாற்றிச் சொல்லியிருக்கலாம். அதை வைத்து அவர்கள் சொன்னது முழுவதையும் தள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஏடு பொய் சொல்லாமல் சும்மா இருந்துவிடுவதும் உண்டு. 1920 டிசம்பர் 26, லிவர்பூலின் குடிசன் பார்க்கில் 53,000 பேர் பார்க்க ஒரு ஆட்டம் நடந்தது. ஆடியவர்கள் பெண்கள். பிரெஸ்டனில் முதல் உலகப் போரின்போது குண்டு தயாரித்த டிக் கெர் தொழிற்சாலையின் பெண் தொழிலாளர்கள் அணி, எதிரே செயின்ட் ஹெலன்ஸ். வசூல் தர்மத்துக்குப் போனது. அடுத்த ஆண்டே, 1921 டிசம்பர் 5-ல், இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் இந்த ஆட்டம் பெண்களுக்கு ஏற்றதல்ல என்று சொல்லித் தன் கிளப்புகளின் மைதானங்களைப் பெண்களுக்குக் கொடுக்கக்கூடாது என்று தடை போட்டது. அது நீங்க ஏறத்தாழ 50 ஆண்டுகள் ஆனது. அந்த அரை நூற்றாண்டில் ஆடிய பெண்களின் வரலாற்றில் பெரும்பகுதி அதிகாரபூர்வ ஏடுகளில் இல்லை. வீட்டு அலமாரியில் இருந்த போட்டோ, பழைய பூட்ஸ், பாட்டி பேத்தியிடம் சொன்ன பேச்சு, இவற்றிலிருந்துதான் பிறகு வந்தவர்கள் அதை ஒட்டு போட்டு எடுத்தார்கள்.

இதற்கு நேர் எதிராக ஒரு இடமும் உண்டு, நான் நினைக்கும்போதெல்லாம் நெகிழ்ந்துபோகும் இடம். தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறை. இனவெறி அரசின் அரசியல் கைதிகள் பல ஆண்டுகள் விடாமல் அனுமதி கேட்டு, 1960-களின் பிற்பகுதியில் மக்கானா கால்பந்துச் சங்கம் என்று ஒன்றை நடத்தத் தொடங்கினார்கள். ஃபிஃபா விதிப்படி, பல கிளப்புகள், பிரிவுகள், ரெஃப்ரிகள், ஒழுங்கு நடவடிக்கைக் குழு எல்லாம் வைத்து. ஒவ்வொரு கூட்டத்துக்கும் குறிப்பு எழுதினார்கள், ஒவ்வொரு புகாருக்கும் முறைப்படி கடிதம் எழுதினார்கள். நாளைக்கு உயிரோடு இருப்போமா என்று தெரியாத இடத்தில் புள்ளிப்பட்டியல் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் காகிதங்கள் இன்று ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 2007-ல் ஃபிஃபா அந்தச் சங்கத்துக்குக் கௌரவ உறுப்பினர் தகுதி கொடுத்தது. தனிமைப் பிரிவில் இருந்த மண்டேலாவுக்கு அந்த ஆட்டங்களில் சேர அனுமதி இல்லை. கால்பந்துக்கு வரலாற்றில் இடம் உண்டா என்று கேட்கிறவர்களுக்கு நான் கோப்பைகளைக் காட்டுவதில்லை, இந்தக் கூட்டக் குறிப்புகளைத்தான் சொல்வேன்.

சரி, உங்கள் அப்பாவுக்கு வருவோம். வீடியோவை அவருக்கு இன்னும் காட்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது, இப்போதைக்குக் காட்டாதீர்கள். காட்டிவிட்டால் அதற்குப் பிறகு அவர் சொல்வது எதுவுமே அந்த வீடியோவிலிருந்து பிரிக்க முடியாதபடி ஆகிவிடும். போனில் ரெக்கார்டரைப் போட்டு நடுவில் வைத்துவிட்டு, கோலைப் பற்றிக் கேட்காமல் அந்த வீட்டைப் பற்றிக் கேளுங்கள். யார் வீடு, டிவி எந்த மூலையில் இருந்தது, அவர் எங்கே உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் யார், யாருக்கு மரடோனா பிடிக்காது, யார் பாதியில் எழுந்து போனார். இதெல்லாம் எந்த ஏட்டிலும் இல்லாதவை, அவர் ஒருவரால் மட்டுமே கொடுக்கக்கூடியவை. ஆட்டத்தின் ஸ்கோர் பல ஆயிரம் இடங்களில் பத்திரமாக இருக்கிறது. பெரும்பாலும் இந்த மாதிரி கேள்விகளுக்கு வரும் பதில்களில்தான் ஆள் அங்கே இருந்தாரா என்பது தெரியவரும். கேட்ட கதையில் கோல் இருக்கும், எங்கே உட்கார்ந்தோம் என்பது இருக்காது. இதுவும் நூற்றுக்கு நூறு இல்லை, வேறொரு நாளில் அதே வீட்டில் பார்த்த ஆட்டத்தின் காட்சி இங்கே வந்து சேர்ந்திருக்கலாம்.

அப்புறம் மெதுவாக மூன்று விஷயம் கேளுங்கள். ஒன்று, பார்த்தபோது மணி என்ன. காலிறுதி மெக்சிகோவில் நண்பகல் 12 மணிக்கு, பெல்ஜியம் ஆட்டம் மாலை 4 மணிக்கு. எந்த நாட்டில் உட்கார்ந்து பார்த்திருந்தாலும் இடையே நாலு மணி நேர வித்தியாசம் இருக்கும். ராத்திரி பார்த்ததையும் விடியற்காலையில் பார்த்ததையும் 14 வயதுப் பையன் குழப்பிக்கொள்வது கஷ்டம், ஏனென்றால் வீட்டில் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். இரண்டு, கையால் அடித்த முதல் கோலின்போது அந்த அறையில் என்ன பேசிக்கொண்டார்கள். பிறகு தெரிந்துகொண்டவர்கள் உடனே "கை" என்பார்கள். நேரலையில் பிபிசி வர்ணனையாளருக்கே முதலில் அது தெரியவில்லை, இங்கிலாந்துக்காரர்கள் ஆஃப்சைடு கேட்கிறார்கள் என்றுதான் நினைத்தார். "எதுக்கு அவனுங்க சண்டை போடறாங்கன்னே எங்களுக்குப் புரியல" என்கிற மாதிரி ஏதாவது அப்பா சொன்னால், அவர் பார்த்தார் என்ற பக்கம் நான் சாய்வேன். இரண்டாவது கோலுக்கு ஸ்பானிய மொழி வர்ணனையாளர் ஒருவர் அழுகிற குரலில் கத்தியதையும் கேட்டேன் என்று சொன்னால், அந்தக் குரல் பெரும்பாலும் பிற்பாடு வந்து சேர்ந்தது. அது விக்டர் ஹ்யூகோ மொராலெஸ் ரேடியோவில் சொன்ன வர்ணனை, இப்போது வீடியோக்களோடு ஒட்டிப் போடுகிறார்கள். ஆனால் அதற்காக மற்றதைத் தள்ளாதீர்கள்.

மூன்றாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. மரடோனாவைப் பற்றி எதுவும் சொல்லாமல், எதிரணி போட்டிருந்த சட்டை என்ன நிறம் என்று மட்டும் கேளுங்கள். வெள்ளை என்றால் இங்கிலாந்து. சிவப்பு என்றால், அப்பா பொய் சொல்லவில்லை, அவர் பார்த்தது பெல்ஜியம் ஆட்டத்தின் 63-ஆம் நிமிடம், 40 ஆண்டுகளாக அதற்கு வேறு பெயர் சொல்லிக்கொண்டிருக்கிறார். டிவி கறுப்பு வெள்ளையாக இருந்திருந்தால் நிறத்துக்குப் பதிலாக யார் வெளிர், யார் அடர் என்று கேளுங்கள். எதிரணிதான் வெளிர் என்றால் இங்கிலாந்து ஆட்டம், எதிரணி அடர் என்றால் பெல்ஜியம். என்ன சொன்னாலும் அவர் சொன்னபடியே, "கோடு போட்ட சட்டை" உட்பட, ஒரு எழுத்துகூட மாற்றாமல் எழுதுங்கள். கீழே தனியாக உங்கள் குறிப்பாக அன்றைய சட்டை கருநீலம் என்று போட்டுக்கொள்ளலாம். எழுதிய தேதியையும், அவர் வயதையும், அப்போது வேறு யார் உடன் இருந்தார்கள் என்பதையும் மறக்காமல் சேருங்கள். அந்தப் பக்கத்து வீட்டில் அன்று பார்த்தவர்களில் இன்னும் யாராவது இருந்தால், அப்பா இல்லாத நேரத்தில் அவரிடமும் இதே கேள்விகளைக் கேட்டுப் பதிவு செய்துவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம். பதில் வந்தால் இங்கே எழுதுங்கள். வெள்ளையா சிவப்பா என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசையாக இருக்கிறது.